ஒரு குமிழுக்காக 160 கிலோமீட்டர்!

"ஏன்டா மாப்ளே, நாளைக்குச் சும்மாதானே இருக்கே? வடக்கே ரெண்டு மணி நேரம் போய், ஒரு நாப்பைத் தொட்டுப் பாத்துட்டு வந்துடலாமா?"

அமெரிக்கா போனா நயாகராவுக்குக் கூப்பிடுவாங்க, நியூயார்க்குக்குக் கூப்பிடுவாங்க, ஒண்ணும் இல்லாட்டி தள்ளுபடி விலை மாலுக்காவது கூப்பிடுவாங்க. ஒரு குமிழைத் தொட்டுப் பார்க்க டூர் கூப்பிட்ட ஒரே ஆள் என் தாய்மாமாவாகத்தான் இருப்பார்.

பாஸ்டன் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மாமா வீடு. ஒரு பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாகப் போனவன், சனி ஞாயிறுக்கு அங்கே ஒதுங்கியிருந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே அத்தை வைத்த மிளகு ரசம். இதை விட்டுட்டு எதுக்குங்க கிளம்பணும்? காரணம், பேஸ்மென்ட்டில் ஆறடி உயரத்துக்கு நின்னுக்கிட்டிருந்தது.

ஆர்கேட் கேபினெட்! பழைய இங்கிலீஷ் படங்களில் பார்த்திருப்பீங்க... பீரோ மாதிரி உயரமா ஒரு பெட்டி, நெஞ்சு உயரத்தில் திரை, அதுக்குக் கீழே ஜாய்ஸ்டிக்கும் கலர் கலரா பட்டனும். காசு போட்டா விளையாடலாம். அதை மாமா கடையில் வாங்கலை. தானே ப்ளைவுட் அறுத்து, தானே பெயின்ட் அடிச்சு, மூணு குளிர்காலத்தில் செஞ்சு முடிச்சது. "ரிட்டயர் ஆனா ஆம்பளைங்க பேரப்பிள்ளைங்களைக் கொஞ்சுவாங்க. உங்க மாமா பலகையைக் கொஞ்சுறாரு"ன்னு அத்தை சைடில் ஒரு கமென்ட் போட்டுட்டு மேலே போயிட்டாங்க.

பெட்டிக்குள்ளே இருப்பது ஒரு சாதாரண கம்ப்யூட்டர்தான். அதில் ஓடுவது மேம் என்கிற மென்பொருள். 1997-ல் நிகோலா சல்மோரியா என்கிற இத்தாலிக்காரர் தொடங்கிவைத்தது. பழைய ஆர்கேட் மெஷின்களின் சர்க்யூட் எப்படி நடந்துக்குமோ, அப்படியே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும். அந்தக் காலத்து சிப்பில் என்ன நிரல் இருந்ததோ, அதேதான் ஓடும். ஒரு புள்ளி மாறாது. (அந்த நிரல்களுக்கு இன்னிக்கும் உரிமையாளர்கள் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன். மாமா இந்த விஷயத்தில் ரொம்ப கறார் பேர்வழி.)

அப்படின்னா எல்லாம் கரெக்டாதானே இருக்கணும்? இல்லை. மாமாவோட பிரச்னை, கன்ட்ரோல் பலகையின் நடுவில் இருந்த அந்த ஒற்றைக் குமிழ். அதுக்குப் பேர் ஸ்பின்னர்.

பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேட ஒரு திருகு இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனா ஒரு வித்தியாசம். ரேடியோ திருகு ஒரு இடத்தில் முட்டி நின்னுடும். ஸ்பின்னர் நிக்காது. இடமோ வலமோ, விடிய விடிய சுத்தலாம். 1972-ல் வந்த பாங், 1976-ல் வந்த பிரேக்-அவுட் ரெண்டுமே முட்டி நிக்கிற திருகு வகை. பந்தைத் தடுக்கும் மட்டை ஒரு ஓரத்தில் இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும்தானே போகணும்? அதுக்கு அது போதும். ஆனா வட்டமாகவே சுத்தி வரவேண்டிய கேம் வந்தால்?

வந்தது. 1981. அட்டாரி கம்பெனியின் டெம்பெஸ்ட். உருவாக்கியவர் டேவ் தியூரர். முந்தின வருஷம் மிஸைல் கமாண்ட் பண்ணின அதே ஆள். பூமியில் ஒரு ஓட்டை, அதுக்குள்ளே இருந்து ஜந்துக்கள் ஏறி வருது... இப்படி ஒரு கெட்ட கனவு அவருக்கு வந்ததாம். அதைத்தான் கேமாக்கினார். ஒரு ஆழமான கிணத்தை மேலே நின்னு எட்டிப் பாக்கிற மாதிரி கற்பனை பண்ணிக்குங்க. கிணத்தோட விளிம்பில் நீங்க. அடியில் இருந்து வர்றதுங்களைச் சுடணும். விளிம்பைச் சுத்திச் சுத்தி ஓடணும். முதலில் நீங்க அசையாம நிக்க, கிணறே சுத்துற மாதிரிதான் செஞ்சு பார்த்தாங்க. விளையாடினவங்களுக்குத் தலை சுத்தி, வயித்தைப் பிரட்டியிருக்கு. அப்புறம்தான் கிணத்தை நிறுத்திட்டு, ஆளை ஓட விட்டாங்க.

இந்த ஓட்டத்தை ஜாய்ஸ்டிக்கில் பண்ண முடியாது. இடம், வலம்னு தட்டித் தட்டி நகரும். கீ-போர்டில் இன்னும் மோசம். ஸ்பின்னரில் மட்டும்தான், ஒரு விரலால் சுண்டினா எதிர்ப்பக்கத்துக்குப் பறக்கும். நகக்கண் அளவு திருகினா ஒரே ஒரு கட்டம் நகரும். ரெண்டும் ஒரே குமிழில்! 2022-ல் அட்டாரியே தன்னோட 50 வருஷக் கேம்களைத் தொகுத்து வெளியிட்டது, டெம்பெஸ்ட்டும் அதில் உண்டு. மாமா முதல் ஆளா வாங்கினார். கன்ட்ரோலரில் அரை மணி நேரம் விளையாடிட்டு, "இது டெம்பெஸ்ட்டோட போட்டோடா"ன்னு வச்சுட்டார்.

மாமாவுக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேக்குறீங்களா? 1985. மேல்படிப்புக்குன்னு மதுரையில் இருந்து வந்து இறங்கினவர். தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லாத ஊர். தங்கின இடத்துக்குக் கீழே துணி துவைக்கும் கடை, அதோட மூலையில் ஒரு டெம்பெஸ்ட். ஒரு ஆட்டம் 25 சென்ட். அன்னிக்கு ரேட்டுக்கு மூணு ரூபாய். "ஊர்ல ஒரு சாப்பாட்டுக் காசுடா. வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான். துணி காயுற வரைக்கும் தாக்குப்பிடிக்கணும்னு விளையாடுவேன்." துணி காய முக்கால் மணி நேரம் ஆகும்! காசு இல்லாதவன்தான் நல்லா விளையாடக் கத்துப்பான் போல.

சரி, குமிழுக்கு வருவோம். வெளியே பார்க்க ஒண்ணும் இல்லை. உள்ளே தான் விஷயம்.

குமிழுக்குக் கீழே ஒரு தண்டு. தண்டைத் தாங்க பேரிங். தண்டின் அடியில், ஓரம் முழுக்கப் பல் வெட்டின சின்னச் சக்கரம். பல்லுக்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ரெண்டு சென்சார். பல் குறுக்கே வந்தா இருட்டு, இடைவெளி வந்தா வெளிச்சம். எத்தனை முறை மாறுதோ அவ்வளவு தூரம் திருகியிருக்கீங்கன்னு கணக்கு. ரெண்டு சென்சார் எதுக்கு? தெருவில் கொஞ்ச தூரம் தள்ளித் தள்ளி ரெண்டு பசங்க உட்கார்ந்திருக்காங்கன்னு வைங்க. பஸ்ஸைப் பார்த்ததும் கத்தணும். மேலக்கோடிப் பையன் முதலில் கத்தினா பஸ் கிழக்கே போகுது. கீழக்கோடிப் பையன் முதலில் கத்தினா மேற்கே போகுது. அவ்வளவுதான்! உருண்டை போட்ட பழைய மவுஸ் காலேஜ் லேபில் எங்கேயாவது தூங்கிட்டிருந்தா, திறந்து பாருங்க. இதே பல்சக்கரம் ரெண்டு உள்ளே இருக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்பின்னர்ங்கிறது, ஒரு திசையில் மட்டும் நகரத் தெரிஞ்ச மவுஸ்.

மாமாவின் முதல் ஸ்பின்னரே அப்படி ஒரு மவுஸ் வயித்தில் இருந்து எடுத்ததுதான். சக்கரத்தோட நேரா குமிழை ஒட்டினார். ஒரு முழுச் சுத்துக்குச் சில எண்ணிக்கைதான் கிடைச்சது. ஆள் தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போனான். நடுவில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, குமிழ் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் பல சுத்து சுத்தற மாதிரி மாத்தினார். ரப்பர் வழுக்கியது.

ரெண்டாவது, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார். அதோட பேரிங் இருக்கே, வெண்ணெய்! சுண்டிவிட்டா அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். அதுதான் கெடுதல். நிறுத்தணும்னு நினைக்கிற இடத்தில் நிக்காது. மெதுவா திருகினாலோ, உள்ளே இருக்கிற காந்தம் ஒவ்வொரு அடிக்கும் லேசா பிடிச்சுப் பிடிச்சு விடும். வீடியோ டெக்கில் டேப் படிக்கிற உருளையைப் பிடுங்கி ஸ்பின்னர் பண்றவங்களும் உண்டு. மாமாகிட்ட டெக் இருந்தது. அத்தை கல்யாண கேஸட் பாக்கணும்னு தரலை.

மூணாவதா, ரெடிமேடா ஒண்ணு வாங்கிட்டார். ஆமாம், இதுக்குன்னே தயாரிக்கிறவங்க இருக்காங்க. ஸ்பின்-ட்ராக், டர்போ-ட்விஸ்ட்னு பேரெல்லாம் வச்சு, வீட்டில் கேபினெட் செய்யும் ஆளுங்களுக்காக மட்டும். உலகத்தில் எவ்வளவு சின்ன சந்தைக்கும் ஒருத்தர் கடை விரிச்சிருக்கார் பாருங்க! தண்டின் அடியில் எடை போட்டுக்கலாம், குமிழை மாத்திக்கலாம். ஒரு கேமுக்குப் பிடிச்ச செட்டிங் இன்னொண்ணுக்கு ஆகாது என்பதுதான் சிக்கல். 1986-ல் வந்த ஆர்கனாய்டில் நுணுக்கமான நகர்வு வேணும்னு உள்ளே கியர் வச்சிருந்தாங்க. 1983-ல் வந்த டிஸ்க்ஸ் ஆஃப் ட்ரானில் இன்னும் கூத்து. அந்தக் குமிழ் சுத்தவும் செய்யும், மேலே இழுக்கவும் கீழே அழுத்தவும் செய்யலாம். இழுத்தா மேலே குறி, அழுத்தினா கீழே குறி. இப்படி ஒண்ணை வீட்டில் செய்ய உட்கார்ந்தவன் எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பான்!

மூணாவது ஸ்பின்னரில் மாமாவைப் பிடிச்ச பேய்க்குப் பேர் பின்சுத்து. வேகமா வலப்பக்கம் சுண்டினா, ஆள் சில சமயம் இடப்பக்கம் ஓடுவான். ஏன் தெரியுமா? எம்.ஜி.ஆர். படத்தில் குதிரை வண்டி வேகமா போறப்ப சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே... அதே கதைதான். கேமரா ஒரு தடவை பார்த்துட்டு மறு தடவை பார்க்கிறதுக்குள்ளே சக்கரம் முக்கால் சுத்து வந்துடுது. முன்னாடி முக்கால் வந்ததா, பின்னாடி கால் போச்சா? தெரியாது. டெம்பெஸ்ட் நிரல் தன்னோட பழைய குமிழின் வேகத்துக்குப் பழகினது. நம்ம புதுக் குமிழ் ஒரு சுத்துக்கு எக்கச்சக்கமா எண்ணிக்கை அனுப்பினா, அது குழம்பிப்போய் எதிர்த்திசைன்னு முடிவு பண்ணிடும். மேமில் சென்சிடிவிட்டின்னு ஒரு எண் இருக்கு. அதைக் குறைச்சா பேய் ஓடிடும். ஆனா ரொம்பக் குறைச்சா குமிழ் கட்டை வண்டி ஆயிடும். நடுவில் எங்கே நிறுத்தறது?

"சரியான இடத்துல வச்சா கைக்குத் தெரியும்னு நினைச்சேன்டா"ன்னார் மாமா. "கைக்குத் தெரியலை."

அப்புறம் வலது கையை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். உள்ளங்கை மணிக்கட்டோடு சேர்ற இடத்தில் ஒரு தழும்பு. ரெண்டு வருஷம் முன்னாடி நரம்புக்கு ஆபரேஷன். வலி போயிடுச்சு. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி மட்டும் முழுசா திரும்பலையாம். சட்டை பட்டன் போடும்போது பாத்துப் போடறார்.

"குமிழ் தப்பா, என் கை தப்பான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடா. ஒரிஜினலைத் தொட்டாத்தான் தெரியும்."

இதுக்கு மேல ரசம் ருசிக்குமா? கிளம்பிட்டோம்.

பாஸ்டனில் இருந்து 93-ம் நம்பர் ஹைவேயில் வடக்கே போனா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். விற்பனை வரி கிடையாத ஊர். ஒவ்வொரு கார் நம்பர் பிளேட்டிலும் 'சுதந்திரமா வாழு, இல்லாட்டி செத்துப்போ'ங்கிற மாதிரி ஒரு வாசகம். (நம்ம ஊர் ஆட்டோ வாசகங்களே சாந்தமா இருக்கும்!) ஹைவேயை விட்டு இறங்கி 104-ம் ரோட்டில் மெரிடித் ஊர் வந்ததும், பளிச்சுன்னு வெள்ளையா ஒரு மைதானம். மைதானம் இல்லை, ஏரி. வின்னிபசாக்கி. உறைஞ்சு கிடக்கு. அதுக்கு மேலே நம்ம ஊர் டீக்கடை சைஸில் குட்டிக் குட்டி மரக் குடிசைகள். உள்ளே ஆளுங்க ஐஸில் துளை போட்டு, தூண்டில் நூலைப் பிடிச்சுக்கிட்டு மீனுக்குக் காத்திருக்காங்க. "பாத்தியா, நம்மளை விடப் பைத்தியம் இருக்கு"ன்னு மாமாவுக்கு ஒரு ஆறுதல்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் வியர்ஸ் பீச். லக்கோனியா நகரத்தைச் சேர்ந்த பகுதி. ஜூனில் வந்தா மோட்டார் பைக் திருவிழா, ரோட்டில் நடக்க இடம் இருக்காது. கோடையில் ஏரியில் கப்பல் போகும். பிப்ரவரியில் காக்காகூட இல்லை. பாதிக் கடைகள் மூடியிருந்தன. மூடாத ஒண்ணுதான் ஃபன்ஸ்பாட்.

வெளியே இருந்து பார்த்தா ஏமாந்துடுவீங்க. குடோன் மாதிரி நீளமா ஒரு கட்டடம். 1952-ல் பாப் லாட்டன் என்கிற இளைஞர் தன் பாட்டிகிட்ட 750 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்ச இடம். பாட்டி பணம் வீண் போகலை. 2008-ல் உலகத்திலேயே பெரிய ஆர்கேட்னு கின்னஸ் சொல்லிடுச்சு. தி கிங் ஆஃப் காங் என்கிற 2007-ம் வருஷ டாக்குமென்டரியில் இந்த இடத்தைப் பார்க்கலாம். இவங்களுக்கு ஒரு டிராகன் பொம்மை சின்னம் உண்டு. பேர் டாப்ஸ்னஃப். ஃபன்ஸ்பாட்டை இங்கிலீஷில் எழுதி, திருப்பிப் படிச்சுப் பாருங்க!

பவுலிங், பிங்கோ எல்லாத்தையும் தாண்டிப் போனா, உள்ளுக்குள்ளே அமெரிக்கன் க்ளாசிக் ஆர்கேட் மியூசியம். மியூசியம்னா 'தொடாதீர்'னு போர்டு இருக்கும்ல? இங்கே தொடத்தான் வரணும். டோக்கன் போட்டா எந்தப் பொருளையும் விளையாடலாம். வரிசை வரிசையா, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் செஞ்ச மெஷின்கள். விளக்கைக் குறைச்சு வச்சிருந்தாங்க. அந்தக் காலத்துப் பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் பேசுற சத்தம், சந்தைக்கடை மாதிரி. மாமா எதையும் பார்க்கலை. மீன் வாசனை பிடிச்ச பூனை மாதிரி நேரா போயிட்டார்.

டெம்பெஸ்ட்டின் திரை கம்ப்யூட்டர் திரை மாதிரி புள்ளிகளால் ஆனது இல்லை. எலெக்ட்ரான் கதிர், பேனா மாதிரி நேரா கோடு போடும். இருட்டில் மஞ்சளும் நீலமும் கத்தி முனை மாதிரி மின்னுது. போட்டோவிலோ வீடியோவிலோ இது வரவே வராது, நேரில்தான் பாக்கணும். மாமா பார்க்கலை. அவர் பார்வை முழுக்க கையில்.

திட்டம் என்னன்னா, முதல் கிணறு முழு வட்டம். கட்டைவிரலைப் பன்னிரண்டு மணி இடத்தில் வச்சு, ஆள் விளிம்பை ஒரு சுத்து சுத்தி அதே இடத்துக்கு வர்ற வரைக்கும் குமிழை எவ்வளவு திருகணும்னு எண்ணுவது. மெஷினில் எதையும் ஒட்டக் கூடாது, கீறக் கூடாதுன்னு மாமா முன்னாடியே ஆர்டர். கேக்க சுலபமா இருக்குல்ல? அடியில் இருந்து ஜந்துக்கள் ஏறி வருதே! நாங்க "ஒண்ணு... ஒண்ணே கால்..."னு எண்ணிக்கிட்டிருக்க, அதுங்க பாட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போயிடும். கணக்கு முடியறதுக்குள்ளே பத்து டோக்கன் காலி. எண்ணிக்கையை மாமா ஒரு சின்ன நோட்டில் குறிச்சுக்கிட்டார். (என்ன எண்ணுன்னு கேக்காதீங்க. வெளியே சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டார்!)

அடுத்து, நிஜமா விளையாட ஆரம்பிச்சார். மூணு நிமிஷம். கையை எடுத்தார்.

"இதுவும் இல்லடா."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. பக்கத்தில் யாரோ ஜெயிச்சுக் கத்தினாங்க. மாமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கேட்டேன், "மாமா, இது 40 வருஷத்துக்கு மேல ஆன மெஷின். கிரீஸ் காஞ்சிருக்கும், பேரிங் மாத்தியிருப்பாங்க. 1981-ல இது எப்படி சுத்துச்சோ யாருக்குத் தெரியும்? நீங்க விளையாடின அந்த மெஷினே அப்போ நாலு வருஷப் பழசு இல்லையா?"

மாமா கொஞ்ச நேரம் பேசலை. திடீர்னு சிரிச்சார். "அந்தத் துவைக்கிற கடை மெஷின்ல எவனோ கோலா கொட்டியிருந்தான்டா. குமிழைச் சுத்தி எப்பவும் பிசுபிசுன்னு இருக்கும். லேசா பிடிச்சுக்கும். அந்தப் பிசுபிசுப்பைத்தான் நான் மூணு குளிர்காலமா பலகைக்குள்ளே தேடிக்கிட்டிருக்கேனோ?"

யோசிச்சுப் பாருங்க. சிப்பில் இருந்த நிரலைப் புள்ளி பிசகாம பத்திரப்படுத்தியாச்சு. ஆயிரக்கணக்கான கேம்கள் அப்படித் தப்பிச்சிருக்கு. ஆனா குமிழோட எடை, பேரிங்கின் வழுக்கல், விரல் எடுத்த அப்புறம் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பது எந்த சிப்பிலும் எழுதப்படலை. மெஷின் தேயத் தேய அதுவும் மாறிக்கிட்டே இருக்கு. விளையாடினவங்க கையிலதான் மிச்சம் இருக்கு. அந்தக் கையும் தேயுதே, அதுக்கு என்ன பண்றது?

அப்போ ஒரு பொடியன் வந்தான். பத்து வயசு இருக்கும். "நீங்க விளையாடுறீங்களா?"ன்னு கேட்டான். மாமா நகர்ந்துக்கிட்டார். பையன் முதலில் குமிழை முழுக் கையாலும் பிடிச்சு, குழாய் திறக்கிற மாதிரி திருகினான். செத்தான். ரெண்டாவது உயிரில், ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வச்சு உருட்டப் பார்த்தான். செத்தான். மூணாவது உயிரில் என்ன தோணிச்சோ, ஒரே விரலை ஓரத்தில் வச்சு லேசா சுண்டினான். ஆள் பறந்தான்! பையன் வாயைத் திறந்தபடி அடுத்த டோக்கனை எடுத்தான். யாரும் சொல்லித் தரலை. குமிழே சொல்லிக் கொடுத்துடுச்சு, ரெண்டு நிமிஷத்தில்.

நான் திரையைப் பார்த்தேன். மாமா அந்த விரலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

பையன் போனதும் என் பக்கம் திரும்பினார். "கையைக் கொடுடா மாப்ளே. என் கை வேணாம், இனிமே உன் கைதான். கண்ணை மூடிக்கிட்டு விளையாடு."

"கண்ணை மூடினா செத்துடுவேனே மாமா!"

"செத்துக்கோ. கை ஞாபகம் வச்சுக்கணும், அவ்வளவுதான்."

அப்படி ஒரு வேலையை நான் அதுவரை செஞ்சதில்லை. கண்ணை மூடி, மெதுவா, வேகமா, சுண்டி, நிறுத்தி, திரும்பச் சுண்டி... எங்கே லேசா தடுக்குது, விரலை எடுத்ததும் எப்போ நிக்குது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற மாதிரி. நாற்பது டோக்கனுக்கு மேல் காலி. ஸ்கோரைச் சொன்னா சிரிப்பீங்க, விடுங்க. நடுவில் ஒரு தடவை ட்ரான் மெஷினுக்கு ஓடிப்போய் அதோட ஸ்பின்னரையும் தொட்டுப் பார்த்தேன். 1982-ல் வந்தது. வலது கையில் நீலமா மின்னும் ஜாய்ஸ்டிக், இடது கையில் குமிழ். "அதைத் தொடாதே, ஞாபகம் கலந்துடும்!"னு மாமா அங்கே இருந்தே கத்தினார். கர்னாடக சங்கீத வாத்தியார் தோத்தார் போங்க.

திரும்பி வரும்போது காரில் பாட்டு போட விடலை. டீக்கு நிறுத்தினப்போ கப்பை இடது கையால் பிடிக்கச் சொன்னார். வலது கையைத் தொடையில் வச்சபடியே 160 கிலோமீட்டர்!

வீட்டுக்கு வந்ததும் ஷூகூட கழட்டலை. நேரா பேஸ்மென்ட். நான் குமிழைப் பிடிச்சேன். "கனம் அதிகம் மாமா. விட்டதுக்கு அப்புறம் ரொம்ப ஓடுது." பலகையைத் திறந்து, தண்டின் அடியில் இருந்த எடையில் ஒரு வளையத்தைக் கழட்டினார். "இப்போ?" "இன்னும் கொஞ்சம்." இன்னொண்ணு. "இப்போ வழுக்குது மாமா, அங்கே லேசா பிடிச்சுது." பேரிங்கில் கொஞ்சம் கெட்டியான கிரீஸ். (அந்த பேரிங்கை உங்களுக்கும் தெரியும். 608-னு பேர், உள்ளே 8 மில்லிமீட்டர், வெளியே 22. ஸ்கேட்டிங் போர்டில் இருக்கும். 2017-ல் நீங்க ஸ்கூல் பெஞ்சுக்குக் கீழே வச்சுச் சுத்தி, டீச்சர்கிட்ட பிடுங்கக் கொடுத்தீங்களே ஃபிட்ஜெட் ஸ்பின்னர்... அதோட நடுவிலயும் பெரும்பாலும் இதுதான்.) அப்புறம் சென்சிடிவிட்டி. 50-ல் இருந்து 45, 40, 38. ஒவ்வொண்ணுக்கும் நோட்டைப் பார்த்து, கட்டைவிரலைப் பன்னிரண்டு மணிக்கு வச்சு, எண்ணி... 36-ல் கணக்கு ஒத்துப்போச்சு. வேகமா சுண்டினேன். பின்சுத்து வரலை. திரும்பச் சுண்டினேன். வரலை.

"இதுதான் மாமா."

"நிச்சயமா?"

"கை சொல்லுது."

மாமா பலகையின் அடியில் ஒரு காகித டேப் ஒட்டி, தேதி போட்டு எழுதினார்: '36. மாப்ளே கை.' அப்புறம் அவர் நின்னார். விரலை ஓரத்தில் வச்சார். அவருக்கு அது எப்படி இருந்ததுன்னு நான் கேக்கலை, அவரும் சொல்லலை. மேலே இருந்து அத்தை ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாங்க. மூணாவது தடவை கரண்டியோடவே இறங்கி வந்தாங்க.

ஊருக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் போன்.

"மாப்ளே, கோவிச்சுக்காதே. 34 ஆக்கிட்டேன். அடிப்பக்கம் ஒரு சொட்டு வெல்லப்பாகு விட்டுப் பாத்தேன்டா... லேசா பிடிக்குது!"